காசு உங்களுடையது, கேரக்டர் அவர்களுடையது

2021 செப்டம்பர் 28 அன்று அமேசான் 'நியூ வேர்ல்டு' என்ற ரோல்-பிளேயிங் கேமை (ஆர்பிஜி) வெளியிட்டது. ஒரு வாரத்துக்குள் ஸ்டீம் தளத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஆடினார்கள். உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை. ஆறு மாதம் கழித்து அந்தக் கூட்டம் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2025 அக்டோபரில், இந்த கேமுக்கு இனி புதிதாக எதுவும் தயாரிக்கப்போவதில்லை என்று அமேசான் அறிவித்துவிட்டது. உலகத்துக்கே சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் கேமுக்கே ஆயுள் இவ்வளவுதான்.

மவுசு வருவதும் போவதும் எந்தப் பொழுதுபோக்குக்கும் உள்ளதுதான். 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' பெரிதாக விற்கவில்லை. அதை உருவாக்கிய பிளாக் ஐல் ஸ்டூடியோவை 2003 டிசம்பரில் இழுத்து மூடினார்கள். ஆனால் சிடி வாங்கியவர்களின் அலமாரியில் கேம் அப்படியே இருந்தது. அவர்கள் சொல்லிச் சொல்லியே அதன் பெயர் வளர்ந்து, 2017இல் புதுப்பித்த பதிப்பும் வந்தது. தயாரித்த ஸ்டூடியோ போனது, வாங்கியவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

இணையத்தில் மட்டும் ஓடும் ஆர்பிஜிக்களில் கணக்கு வேறு. உங்கள் கேரக்டர், அதன் வாள், அது சேர்த்த தங்கம் எல்லாம் கம்பெனியின் சர்வரில் உள்ள பதிவுகள். மவுசு குறைந்து வருமானம் சுருங்கினால் சர்வரை நிறுத்துவார்கள். நிறுத்திய அன்றே பழைய ரசிகர்களின் கேமும் முடிந்தது.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2004இல் தொடங்கியது. மாதச் சந்தா கட்டி, ஆளாளுக்கு ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்கி ஆண்டுக்கணக்கில் வளர்த்தார்கள். 2012 ஆகஸ்ட் 31 அன்று, கேமை மூடப்போவதாக அதை நடத்திய என்சிசாஃப்ட் அறிவித்தது. கேமுக்குள் இருக்கும் அட்லஸ் பார்க் திடலில் வீரர்கள் திரண்டு, கேரக்டர்களின் கையில் தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். நவம்பர் 30 அன்று சர்வர் நின்றது. பிறகு ரசிகர்கள் தாங்களாகவே ஒரு சர்வரை நடத்தினார்கள். அதற்கு என்சிசாஃப்ட் முறைப்படி அனுமதி கொடுத்தது 2024 ஜனவரியில். இதை நல்ல முடிவு என்பவர்கள் உண்டு. பதினோரு ஆண்டு அனுமதியில்லாத இடைவெளியும், அழிந்துபோன பழைய கேரக்டர்களும் அந்த முடிவில் அடக்கம்.

மூடினால்தான் கேம் போகும் என்றும் இல்லை. 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' கேமில் ஜெடை வீரர் ஆவது மாதக்கணக்கில் பாடுபட்டுப் பெறும் தகுதியாக இருந்தது. 2005 நவம்பர் 1 அன்று கேமை நடத்திய சோனி ஒரு கூடுதல் பகுதியை விற்பனைக்கு விட்டது. சில நாட்களில், கேமின் அடிப்படையையே மாற்றப்போவதாகச் சொன்னது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. முதல் நாள் உள்ளே வருபவரும் ஜெடையாகவே தொடங்கலாம் என்றானது. கொதித்தெழுந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் பகுதியின் விலையைத் திருப்பித் தர முன்வந்தார்கள். அதுவரை கட்டிய சந்தாவும் செலவழித்த இரவுகளும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2011 டிசம்பர் 15 அன்று கேமும் மூடப்பட்டது. ஐந்தே நாளில் அதே ஸ்டார் வார்ஸ் பெயரில் வேறு கம்பெனியின் ஆன்லைன் ஆர்பிஜி வெளியானது.

கூட்டம் இருந்தால் பயமில்லை என்பார்கள். சீனாவில் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்'டுக்குக் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. கேமைத் தயாரித்த பிளிசார்டுக்கும் அங்கே அதை நடத்திய நெட்ஈஸுக்கும் ஒப்பந்தம் முறிந்தது. 2023 ஜனவரி 23 முதல் கேம் இல்லை. மீண்டும் திறந்தது 2024 ஆகஸ்ட் 1 அன்று. ஒன்றரை ஆண்டு காத்திருந்தவர்களை அந்த ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அதே கேமின் உலகக் கணக்கைப் பாருங்கள். 2010இல் 1.2 கோடி சந்தாதாரர்கள். 2015 நடுவில் 56 லட்சம். அந்த ஆண்டு நவம்பரில், சந்தா எண்ணிக்கையை இனி வெளியிட மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஏறும்போது ஊரெங்கும் சொல்லும் எண்ணை இறங்கும்போது பூட்டி வைப்பது வியாபார புத்தி, அதில் குற்றமில்லை. ஆனால் சந்தா கட்டுபவர், தான் பணம் போடும் கேம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கடைசியாகத்தான் தெரிந்துகொள்வார்.

சந்தா இல்லாத மொபைல் ஆர்பிஜிக்களில் செலவு இன்னும் கண்ணுக்குத் தெரியாது. 'ஜென்ஷின் இம்பாக்ட்'டில் ஐந்து நட்சத்திரக் கேரக்டர் கிடைக்க ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவீத வாய்ப்பு. 90ஆவது குலுக்கலில் ஒன்று கட்டாயம் கிடைக்கும். நீங்கள் ஆசைப்பட்டதே கிடைக்கும் என்பதில்லை. ஒரு குலுக்கலுக்கு, கேமுக்குள் நாணயமாக இருக்கும் கற்கள் 160 வேண்டும், ஆக 90க்கு 14,400. முதல் முறைச் சலுகையை விட்டுவிட்டால், 100 டாலர் பொதியில் போனஸும் சேர்த்து வருவது 8,080. ஒரு பொதி போதாது. காசு போடாமலே ஆடுகிறவர்கள் நிறைய உண்டு, ஆடி ஆடியே கற்கள் சேர்க்கலாம், பெரும்பாலும் 90க்கு முன்பே கிடைத்தும் விடும். இதையும் சொல்ல வேண்டும். ஆனால் டாலர் ஒரு கல்லாகி, அது இன்னொரு கல்லாகி, அது குலுக்கல் சீட்டாகிற வழியில் எவ்வளவு போனது என்ற நினைப்பு நழுவிவிடுகிறது. இந்தக் குழப்பத்தையும் குழந்தைகளிடம் விற்பதையும் சுட்டிக்காட்டி அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுக்க, 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்ட அந்த கேமை நடத்தும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இப்படிச் சேர்த்த கேரக்டர்களின் கதி என்ன? நிண்டெண்டோவும் சைகேம்ஸும் சேர்ந்து 2018இல் தொடங்கிய 'டிராகாலியா லாஸ்ட்' 2022 நவம்பர் 30 அன்று நின்றது. இரண்டும் பெரிய பெயர்கள்தான். இத்தகைய கேம் மூடப்பட்டால், காசு கொடுத்து வாங்கிச் செலவழிக்காமல் வைத்திருக்கும் கற்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஜப்பானியச் சட்டம் சொல்கிறது. கற்களைச் செலவழித்துக் கேரக்டராக மாற்றியவருக்கு ஒன்றுமில்லை.

சட்டங்கள் மெதுவாக நகர்கின்றன. 2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை யூபிசாஃப்ட் நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது. அதிலிருந்து பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், வாங்குவது பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே என்று டிஜிட்டல் பொருள் விற்கும் கடைகள் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சட்டம் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்குபவருக்குப் பொருந்தாது. ஆனால் அதிலுள்ள ஒரு விலக்கு எல்லோருக்கும் பயன்படும்: நிரந்தரமாக இறக்கி வைத்து, இணையம் இல்லாமலே பயன்படுத்தக்கூடியதை விற்பவருக்கு இந்த அறிவிப்பு கட்டாயமில்லை. 2023இல் வந்து அந்த ஆண்டின் விருதுகளை அள்ளிய 'பால்டர்ஸ் கேட் 3' அப்படி வாங்கக் கிடைக்கிறது. போலந்து நாட்டின் ஜிஓஜி கடையில் அதன் இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் கடைப் பக்கத்தில் ஆஃப்லைனில் ஆட முடியுமா என்று தேடிப் பாருங்கள். முடியாது என்றால், கட்டுகிற பணத்தை டிக்கெட் காசாக மட்டும் கணக்கு வையுங்கள். பிள்ளைகளின் போனில் கார்டு விவரம் சேமித்திருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.