பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2008-இல் தாஜ்மகால் கட்டுமானப் பொம்மையை வெளியிட்டது. 5,922 துண்டுகள், அமெரிக்காவில் விலை சுமார் 300 டாலர். தயாரிப்பு நின்றதும், பிரிக்காத பெட்டிகள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறின. 2017-இல் நிறுவனமே ஏறத்தாழ அதே தாஜ்மகாலை மறுபடியும் கடைக்குக் கொண்டுவந்தது. பழைய பெட்டியின் மவுசு குறைந்து விலையும் சரிந்தது.

முதலீடாக வாங்குபவர் பெட்டியைப் பிரிக்கவே கூடாது. அட்டை நசுங்கினாலும், ஓர ஒட்டு கிழிந்தாலும் விலை இறங்கிவிடும். பொழுதுபோக்காக வாங்குபவருக்கு அந்தக் கவலையே இல்லை. வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, நான்கு மினார்களையும் எழுப்பி, குவிமாடத்தை ஏற்றிவைக்கும் மகிழ்ச்சி உடனே கிடைத்துவிடுகிறது.

பிடித்திருந்தால் வாங்குங்கள், கட்டி மகிழுங்கள். லாபத்தை மட்டும் நம்பிச் சேமிப்பைப் போட்டுவிடாதீர்கள்.