திருத்தத் தக்க வரைபடம்

அச்சிட்ட நிலவரைபடம் வெளிவந்த நாள் முதலே பழையதாகத் தொடங்குகிறது. ஆறு தடம் மாறுகிறது. புதிய சாலை போடப்படுகிறது. வயலாக இருந்த நிலம் குடியிருப்பாகிறது. தாளில் பதிந்த கோடோ மாறாமல் நிற்கிறது. இக்குறையைக் களையத் துணைநிற்பது, கணினியில் திருத்தத் தக்க திசையன் வரைபடம். அதன் அமைப்பையும், பேரிடரில் சிக்கிய ஒரு நாட்டிற்கு அது ஆற்றிய பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புள்ளி, கோடு, பரப்பு

கணினியில் வரைபடத்தை இருவகையாகச் சேமிக்கலாம். முதல்வகை ஒளிப்படம் போன்றது. சின்னஞ்சிறு வண்ணக் கட்டங்களால் ஆனது. பெரிதாக்கினால் கட்டங்களும் பெரிதாகிப் படம் தெளிவிழக்கும். அதில் காணப்படும் சாலை, கட்டங்களின் வரிசையே. அது சாலை என்னும் செய்தி அதில் இல்லை.

இரண்டாம் வகை திசையன் வரைபடம். இதில் கிணறு ஒரு புள்ளி. சாலை ஒரு கோடு. ஏரி ஒரு மூடிய பரப்பு. இவை அட்சக்கோட்டு, தீர்க்கக்கோட்டு அளவைக் காட்டும் எண்களாகச் சேமிக்கப்படுகின்றன. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அவ்வெண்களைக் கொண்டு கணினி கோட்டைப் புதிதாக வரைவதால், அதன் கூர்மை குன்றுவதில்லை.

வடிவத்தோடு அதன் பண்புகளும் இணைந்திருக்கும். ஒரு சாலைக்கோட்டுடன் அதன் பெயர், அகலம், பாலத்தின் வலிமை ஆகியவற்றைச் சேர்க்கலாம். பாலம் இடிந்தால் வரைபடம் முழுவதையும் மீண்டும் வரைய வேண்டியதில்லை. அப்பாலத்தின் குறிப்பை மட்டும் மாற்றினால் போதும். சாலை, நீர்நிலை, கட்டடம் எனத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, தேவையானவற்றை மட்டும் காட்டவும் இயலும்.

நாடும் நகரங்களும்

கரீபியக் கடலிலுள்ள இசுபானியோலா தீவின் மேற்குப் பகுதியில் அமைந்த நாடு ஹெய்ட்டி. நாட்டு வரைபடத்தில் அதன் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ், வடகரையிலுள்ள காப்-ஹெய்சியன், தென்கரையிலுள்ள ஜாக்மெல் ஆகியன வெறும் புள்ளிகள். நகர வரைபடத்திலோ அதே தலைநகர் தெருக்களும் கட்டடங்களும் நிறைந்த பரப்பாக விரிகிறது. ஒரே தரவுத் தொகுப்பிலிருந்து இரண்டையும் உருவாக்கலாம். நாட்டு வரைபடத்தில் சிறு தெருக்கள் மறைக்கப்படும்; நகர வரைபடத்தில் அவை வெளிப்படும். ஊர்ப்பெயர்களும் எழுத்துகளாகவே சேமிக்கப்படுவதால், அவற்றைப் பிரெஞ்சிலோ மக்கள் பேசும் கிரியோல் மொழியிலோ காட்டலாம்.

உயிர்காக்கும் கோடுகள்

2010 சனவரி 12 அன்று 7.0 அளவுடைய நிலநடுக்கம் ஹெய்ட்டியை உலுக்கியது. குடியரசுத் தலைவர் மாளிகையும் இடிந்தது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக மதிப்பிடப்படுகிறது. பல நாடுகளிலிருந்து மீட்புக் குழுவினர் விரைந்தனர். இடிபாடுகளில் சிக்கியோரை அடைய அவர்களுக்குத் தெருக்கள் தெரிந்தாக வேண்டும். ஆனால் இணையத்தில் கிடைத்த தலைநகர வரைபடங்களில் முதன்மைச் சாலைகள் தவிர வேறு விவரம் மிகக் குறைவாகவே இருந்தது.

எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடமாக 2004இல் தொடங்கப்பட்டது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். அதன் தன்னார்வலர்கள், நிலநடுக்கத்திற்குப் பின் எடுக்கப்பட்டு அவர்களுக்கு வழங்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களை வரையத் தொடங்கினர். நூற்றுக்கணக்கானோர் தத்தம் நாட்டில் இருந்தவாறே இப்பணியில் ஈடுபட்டனர். இடிந்த கட்டடங்களும், வீடிழந்தோர் திறந்தவெளியில் அமைத்த கூடார முகாம்களும் குறிக்கப்பட்டன. சில நாள்களிலேயே வெற்றிடமாகத் தோன்றிய நகரப் பகுதிகள் தெருக்களால் நிறைந்தன. மீட்புக் குழுவினர் அவ்வரைபடத்தைக் கையடக்க வழிகாட்டிக் கருவிகளில் பதிவேற்றிப் பயன்படுத்தினர்.

திருத்துவோர் பொறுப்பு

பலர் கைவைக்கும் வரைபடத்தில் பிழை நேர்வதும் இயல்பே. ஆகவே யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவு செய்யப்படுகிறது. தவறான மாற்றத்தை நீக்கி முந்தைய நிலையை மீட்கலாம். ஆயினும் கருவியால் மட்டும் உண்மை கிடைத்துவிடாது. வானிலிருந்து எடுத்த படம் தெருவின் வளைவைக் காட்டும். தெருவின் பெயரைக் காட்டாது. கட்டடத்தின் கூரையைக் காட்டும். அது பள்ளியா, மருத்துவமனையா என்று கூறாது. அவற்றை அறிந்தவர்கள் அங்கு வாழும் மக்களே. நிலநடுக்கத்திற்குப் பின் ஹெய்ட்டி மக்களுக்கே வரைபடம் உருவாக்கும் பயிற்சி அளிக்கப்பட்டதன் காரணமும் இதுவே.

பேரிடர் நேர்ந்தபின் வரைவதைவிட, முன்னரே வரைந்து நாளும் திருத்தி வைப்பது நன்று. தம் ஊரின் தெருவையும் பாலத்தையும் நீர்நிலையையும் பிழையறப் பதிவு செய்பவர், நெருக்கடியில் அவ்வூருக்கு வரவிருக்கும் முகமறியா ஒருவருக்கு வழிகாட்டி வைக்கிறார்.