மன்னிப்புக் கேட்ட கையோடு அறிவுரை

கம்பெனிகளின் ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. பொங்கலுக்கு வாழ்த்துப் போடுவது, ஆஃபர் அறிவிப்பது, "பார்சல் இன்னும் வரல" என்பவருக்குப் பதில் சொல்வது. சாதாரண நாளில் அவ்வளவுதான். ஏதாவது ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்ற ஆரம்பித்துவிட்டால் மட்டும் கிளையன்டின் போன் வரும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "அந்த கமெண்டை எல்லாம் தூக்கிடலாமா சார்?"

கூடாது. தூக்கியதையும் எவராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் உணவு டெலிவரி கம்பெனியான சொமேட்டோவின் கதையைச் சொல்வேன். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு வந்த ஆர்டரில் ஒரு அயிட்டம் குறைந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டு சாட்டில் பேசினார். உணவகத்தோடு பேச மொழி இடைஞ்சலாக இருக்கிறது என்றார் ஏஜென்ட். தமிழ் தெரிந்தவரை வைத்துக்கொள்ளுங்களேன் என்றார் இவர். இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அரசியல் சாசனத்தில் தேசிய மொழி என்று ஒன்று கிடையவே கிடையாது. அதைத் தமிழ்நாட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால்? சொமேட்டோவைப் புறக்கணிப்போம் என்ற ஹேஷ்டேக் டிரெண்ட் ஆனது. எம்.பி.க்கள் வரை பேசினார்கள்.

கம்பெனி தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. நல்ல ஆரம்பம். ஆப்பைத் தமிழில் கொண்டுவருகிறோம், கோயம்புத்தூரில் தமிழ் கால் சென்டர் அமைக்கிறோம் என்றும் அதில் இருந்தது. கூடவே, அந்த ஏஜென்டை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்ற வரியும் இருந்தது. கண்ணில் பட்டது அதுதான்.

சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் தன் சொந்தக் கணக்கில் எழுதினார். அந்தப் பெண் ஏஜென்டை மறுபடி வேலையில் சேர்க்கிறோம், இதற்காக நீக்கியிருக்கக் கூடாது என்றார். சரியான முடிவு என்றே இன்றைக்கும் சொல்வேன். சம்பள ஏணியின் கடைசிப் படியில் இருப்பவரைத் தள்ளிவிட்டு மேலே இருப்பவர்கள் தப்பிப்பது எந்தக் கம்பெனிக்கும் அழகல்ல. ஆனால் அதோடு நிறுத்தவில்லை அவர். ஒரு சப்போர்ட் சென்டரில் யாரோ அறியாமல் செய்த தவறு தேசியப் பிரச்சினை ஆகிவிட்டது, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் கூட வேண்டும் என்றும் எழுதினார். சாப்பாடு குறைந்து, பணமும் வராமல், பாடமும் கேட்டுக்கொண்டவருக்குச் சகிப்புத்தன்மை பற்றி ஒரு வகுப்பு! அடங்கப்போன தீ மறுபடி பிடித்துக்கொண்டது.

அவருக்குச் சொற்களா பஞ்சம்? "அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டோம், சரியாகச் சொல்லிக்கொடுக்காதது எங்கள் தப்பு" என்று இரண்டு வரி எழுதியிருந்தால் மறுநாள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

அதே மனிதர் 2024 மார்ச்சில் நடந்துகொண்டது வேறு விதம். சுத்த சைவ உணவுக்கென்று தனி டெலிவரி ஆட்கள், பச்சை உடை, பச்சைப் பெட்டி என்று அறிவித்தார். வழக்கமான சிவப்பு உடைக்காரர்களை அடுக்ககங்களில் உள்ளே விட மாட்டார்கள், இது சாதி வரை போகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. மறுநாளே பச்சை உடை போனது. எல்லோருக்கும் சிவப்புதான் என்றார். காரணத்தையும் சொன்னார்: டெலிவரி செய்பவர்களின் பாதுகாப்பு, பிறகு வாடகைக்குக் குடியிருக்கும் வாடிக்கையாளருக்கு வீட்டுக்காரரால் வரக்கூடிய தொல்லை. எதிர்த்தவர்கள் பேசியதைக் காதுகொடுத்துக் கேட்ட ஆள்தான் அந்த வீட்டுக்காரரைக் குறிப்பிட முடியும். சைவ ஏற்பாட்டை அவர் கைவிடவில்லை. யாருக்கு அடி விழுமோ அதை மட்டும் எடுத்தார்.

நான் செய்வது இன்னும் சின்ன வேலை. சத்தம் கிளம்பியதும், ஷெட்யூல் செய்து வைத்த போஸ்ட்களை எல்லாம் நிறுத்துவேன். ஊரே திட்டிக்கொண்டிருக்கும்போது "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று போய் விழுந்தால் வேறு வினையே வேண்டாம். பிறகு, முதல் புகார் சொன்னவரைத் தேடிப்பிடித்து அவருடைய பிரச்சினையைத் தீர்க்கப் பார்ப்பேன். கூச்சலில் அவரை எல்லோரும் மறந்திருப்பார்கள். அறிக்கை அதற்குப் பிறகுதான்.

ஒப்பந்தம் போடும் அன்றே முதலாளிகளிடம் ஒன்று கேட்டுவைப்பேன்: உங்கள் சொந்தக் கணக்கில் எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுவீர்களா? எல்லோரும் தலையாட்டுவார்கள். போடுகிறவர்கள் குறைவு.