பொன்னேரி: வற்றிய ஏரியும் வரலாற்றுச் சான்றும்

கல்வெட்டும் செப்பேடுமே வரலாற்றுச் சான்றுகள் எனக் கருதுவோர் பலர். நீர் வற்றிய ஏரியின் தரையும் அவற்றோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்க சான்றே என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

மேல்பட்டாம்பாக்கம், நெய்வேலி ஆகிய ஊர்களுக்குத் தெற்கே, அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் (1012–1044) தன் தலைநகராகிய இவ்வூரை அடுத்துப் பேரேரி ஒன்றை அமைத்தான். சோழகங்கம் என்பது அதன் பெயர். பொன்னேரி என்பது மக்கள் வழக்கு. அவனது கங்கை வெற்றிக்கு நீரால் நாட்டிய தூண் என இதனைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளின் வடமொழிப் பகுதி போற்றுகின்றது.

19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் வேறொரு காட்சியைத் தருகின்றன. வடக்குத் தெற்காக 16 மைல் நீண்ட கரையும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் ஓடிவந்த கால்வாயின் சுவடும், வெள்ளாற்றுக் கால்வாயின் சுவடும் அவற்றில் கூறப்படுகின்றன. ஏரியின் உட்புறமோ காடாகிக் கிடந்தது.

இத்துணைப் பெரிய ஏரி அழிந்தது எவ்வாறு? பகைவர் படை அழித்தது என்பது அந்நாளிலேயே பதிவான செவிவழிச் செய்தி. ஆயினும் வேறொரு காரணமும் எண்ணத்தக்கது. சோழர் காலத்தில் ஏரிகளைப் பேண ஏரிவாரியம் இருந்ததை முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளால் அறிகின்றோம். அத்தகைய பேணுதல் அற்றவிடத்து ஏரி தூர்ந்துபோதலும் இயல்பே.

இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பதைத் தரையே உரைத்தல் கூடும். கரை திடீரென உடைந்திருப்பின், உடைப்பின் வெளிப்புறத்தே நீர் அரித்த பள்ளமும் பருமணற் படிவும் காணப்படும். மெல்லத் தூர்ந்திருப்பின், நுண்ணிய வண்டல் அடுக்கடுக்காக மதகின் வாய்மட்டம்வரை உயர்ந்திருக்கும். அவ்வடுக்குகள் ஏரியின் நாட்குறிப்பு எனலாம்.

ஆகவே தூர்வாருதல் ஒரு வகையில் ஏட்டினை அழித்தலும் ஆகும். 1836இல் கீழணை கட்டுதற்பொருட்டு இவ்வூர்க் கோயிலின் திருமதிற் கற்கள் கொண்டுசெல்லப்பட்டன. உழவர்க்கு நீர் கிடைத்தது. வரலாற்றுக்குச் சான்று குறைந்தது. இவ்வேரியைச் சீர்செய்யும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. ஏரி மீண்டும் நிறைதல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. மண்ணை அள்ளுமுன் அதன் அடுக்குகளை அளந்து பதிவு செய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. நீர் மீண்டும் வரும். கலைந்த அடுக்கு மீண்டும் வாராது.