வாக்காளர் தொகையமைப்பு மாற்றமும் அரசியல் கட்சிகளின் தேர்தல் வாய்ப்பும்: லுக்குட் வட்டாரத் தோட்டத் தமிழரை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசிய இந்தியர் அரசியலைப் பற்றிய உரையாடல்களில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கூற்று உண்டு. 'நம் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆகவே நம் குரலும் குறைந்துவிட்டது' என்பதே அக்கூற்று. இதன் முற்பகுதி புள்ளிவிவர அடிப்படையில் உண்மையானது. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயா மக்கள் தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினராக இருந்த இந்தியர், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலேசியக் குடிமக்களுள் 7 விழுக்காட்டிற்கும் குறைவானவராயினர். ஆயின், முற்பகுதியிலிருந்து பிற்பகுதி தானாகவே பெறப்படுமா என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா. தொகை குறைவதும் செல்வாக்குக் குறைவதும் ஒன்றுதானா? ஒரு சமூகத்தின் அளவு, இருப்பிடம், வயதமைப்பு ஆகியன மாறும்போது கட்சிகளின் வெற்றி தோல்வி எவ்வழியில் மாறுகிறது? இவ்வினாக்களுக்கு நெகிரி செம்பிலான் மாநிலத்தின் லுக்குட் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு விடை காண முயல்வோம்.

ஆய்வுக்களம்

லுக்குட், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் அமைந்த பழமையான ஊர். 19ஆம் நூற்றாண்டில் ராஜா ஜுமாட்டின் ஆட்சியில் ஈயச் சுரங்கங்களால் செழித்தது. அக்காலத்தில் சிலாங்கூரின் பகுதியாக விளங்கிப் பின்னர் சுங்கை ஊஜோங்குடன் இணைக்கப்பட்டது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதனை அடுத்த பதின்ஆண்டுகளில் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு தமிழர் குடியிருப்புகளும் பெருகின. மலேசிய மாநிலங்களுள் இந்தியர் விகிதம் மிக உயர்ந்ததாக நெகிரி செம்பிலான் விளங்குவதற்கு இத்தோட்டங்களே அடித்தளம். அம்மாநிலத்தில் இன்றும் ஏறத்தாழ எழுவரில் ஒருவர் இந்தியர்.

தேர்தல் வரைபடத்தில் லுக்குட் ஒரு சட்டமன்றத் தொகுதி. சுவா, லுக்குட், பாகான் பினாங், லிங்கி, ஸ்ரீ தஞ்சோங் ஆகிய ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது போர்ட்டிக்சன் நாடாளுமன்றத் தொகுதி. 2018ஆம் ஆண்டு மறுசீரமைப்புக்கு முன்னர் இது தெலுக் கெமாங் என வழங்கியது. 2018ஆம் ஆண்டு இடைத்தேர்தலின்போது இத்தொகுதியின் 75,770 வாக்காளர்களுள் மலாய்க்காரர் ஏறத்தாழ 43 விழுக்காடு, சீனர் 33 விழுக்காடு, இந்தியர் 22 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. எந்த ஓர் இனமும் தனித்துப் பெரும்பான்மை பெறாத இத்தகைய தொகுதியே நம் வினாவுக்குப் பொருத்தமான களமாகும்.

வாக்காளர் தொகை மாறும் வழிகள்

மக்கள் தொகை வேறு, வாக்காளர் தொகை வேறு. பிறப்பும் இறப்பும் மட்டுமல்லாமல், குடியுரிமைச் சட்டம், வாக்குரிமை வயது, பதிவு முறை, தொகுதி எல்லை ஆகியனவும் வாக்காளர் தொகையை நிர்ணயிக்கின்றன. இதனை விளக்க நம் நாட்டின் தொடக்ககாலத் தேர்தல்களே தக்க சான்று.

1955ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர்களுள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். கூட்டணிக் கட்சி 52 இடங்களுள் 51ஐ வென்றது. சுதந்திரத்தின்போது குடியுரிமை விதிகள் தளர்த்தப்பட்டன. அதன் பயனாக 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் மலாய் வாக்காளர் விகிதம் ஏறத்தாழ 57 விழுக்காடாயிற்று. சீனரும் இந்தியரும் பெருமளவில் வாக்காளர் பட்டியலுள் நுழைந்தனர். அத்தேர்தலில் கூட்டணி 104 இடங்களுள் 74ஐ மட்டுமே பெற்றது. நான்கே ஆண்டுகளில் நாட்டின் மக்கள் தொகை அவ்வளவு மாறிவிடவில்லை. வாக்களிக்கத் தகுதியுடையோர் யார் என்னும் வரையறையே மாறியது.

இதன் மறுபக்கத்தைத் தோட்டத் தமிழர் அனுபவித்தனர். குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெறவேண்டும் என்னும் விதி 1969இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியா திரும்பினர் என்பர். தங்கியவர்களுள்ளும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடிந்தவர் பலர். இவர்கள் மக்கள் தொகையில் இருந்தார்கள். வாக்காளர் தொகையில் இல்லை.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

ஒரு சமூகத்தின் எண்ணிக்கை மாறாமலே அதன் தேர்தல் நிலை மாறக்கூடும். இருப்பிட மாற்றமே அதற்குக் காரணம். 1950, 1960களில் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டாடப்பட்டமை முதல் அலை. அதனை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை நடப்பட்டதால் ஆள்தேவை குறைந்தது இரண்டாம் அலை. தோட்ட நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாற்றப்பட்டதும் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையும் மூன்றாம் அலை. சிரம்பானிலிருந்து லுக்குட் வழியே கடற்கரை நோக்கிச் செல்வோர் இம்மூன்றின் விளைவையும் சாலையின் இருமருங்கிலும் காணலாம். பால்மரக் காடாயிருந்த நிலத்தில் இன்று செம்பனையும் தாமான்களும் நிற்கின்றன.

இவ்வட்டாரத்திற்கே உரிய நான்காம் காரணம் ஒன்றும் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் சுவா தொகுதியைச் சார்ந்த புக்கிட் பெலாண்டுக் பகுதியை நிப்பா நச்சுயிரி தாக்கியது. நாடளாவிய நிலையில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. அப்பகுதியில் பன்றி வளர்ப்பு முற்றாக நின்றது. அத்தொழிலை நம்பியிருந்த சீனக் குடும்பங்கள் பலவும் அவர்களிடம் வேலை செய்த இந்தியரும் வேறிடம் பெயர்ந்தனர். ஒரு நோயும் வாக்காளர் அமைப்பை மாற்றும் என்பதற்கு இது சான்று.

லயத்தில் வாழ்ந்த காலத்தில் தோட்டமே ஒரு வாக்குத் தொகுப்பு. பெரட்டுக்களத்தில் ஒன்றுகூடியவர்கள் வாக்குச்சாவடியிலும் ஒன்றுகூடினர். தோட்டக் கிளைத் தலைவர், தொழிற்சங்கச் செயலவையினர், கோவில் தலைவர் ஆகிய சிலரை அணுகினால் நூற்றுக்கணக்கான வாக்குகளைக் கட்சி எதிர்பார்க்கலாம். ம.இ.கா.வின் கிளை அமைப்பு இந்நிலவியலின்மீதே எழுந்தது. தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்திற்கோ அண்டை வீட்டார் வேறு இனத்தவர். வேலையிடம் வேறு ஊர். செய்தி அறியும் வழியும் தனித்தனி. எனவே, தோட்டம் கலைந்தபோது தமிழர் எண்ணிக்கை மட்டும் கலையவில்லை. கட்சிக்கும் வாக்காளருக்கும் இடையே நின்ற இடைநிலைத் தலைமையும் கலைந்தது.

மூன்று காரணிகள்: ஒரு கணக்கு

ஒரு சமூகம் ஒரு கட்சிக்குத் தரும் நிகர வாக்கு மூன்று காரணிகளின் பெருக்கம் எனலாம். அவை: வாக்காளருள் அதன் விகிதம், வாக்களிக்க வருவோர் விகிதம், ஒரு பக்கம் சாயும் அளவு. விளக்கத்திற்காக 20,000 வாக்காளர் கொண்ட ஒரு கற்பனைத் தொகுதியைக் கொள்வோம். அதில் இந்தியர் 20 விழுக்காடு, அதாவது 4,000 பேர். 75 விழுக்காட்டினர் வாக்களித்தால் 3,000 வாக்குகள். அவை 80க்கு 20 எனப் பிரிந்தால், ஒரு கட்சிக்குக் கிடைக்கும் நிகர முன்னிலை 1,800.

இந்தியர் விகிதம் 15 விழுக்காடாகக் குறைந்து மற்றவை மாறாதிருந்தால் முன்னிலை 1,350, இழப்பு 450. விகிதம் குறையாமல், வாக்களிக்க வருவோர் 55 விழுக்காடாகக் குறைந்தால் முன்னிலை 1,320, இழப்பு 480. விகிதமும் வருகையும் மாறாமல், சாய்வு மட்டும் 60க்கு 40 என மாறினால் முன்னிலை 600; இழப்பு 1,200. தொகைக் குறைவைக் காட்டிலும் மனமாற்றத்தின் விளைவு பன்மடங்கு பெரிது என்பதும், வீட்டில் தங்கிவிடும் வாக்காளர் தொகைக் குறைவுக்கு ஒப்பான இழப்பை உண்டாக்குகிறார் என்பதும் இக்கணக்கால் பெறப்படும். மேலும், பிறரது வாக்குகள் ஏறத்தாழச் சமமாகப் பிரியும்போதுதான் இம்முன்னிலை முடிவைத் தீர்மானிக்கும். பிறர் பெருமளவில் ஒரு பக்கம் சாய்ந்தால் அதற்குப் பயனில்லை.

களம் காட்டும் சான்று

இக்கணக்கைத் தொகுதி வரலாற்றோடு ஒப்பிடுவோம். தெலுக் கெமாங்கில் 1999ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல், 2000ஆம் ஆண்டு இடைத்தேர்தல், 2004ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் ஆகிய மூன்றிலும் ம.இ.கா. வென்றது. 2007 நவம்பர் 25இல் நடைபெற்ற இண்ட்ராப் பேரணியை அடுத்து, 2008 மார்ச் 8ஆம் நாள் தேர்தலில் அத்தொகுதி மக்கள் நீதிக் கட்சியிடம் சென்றது. லுக்குட் சட்டமன்றத் தொகுதியை ஜனநாயகச் செயல் கட்சி கைப்பற்றி, 2013, 2018, 2023 தேர்தல்களிலும் தக்கவைத்தது. நாட்டளவில் ம.இ.கா.வின் நாடாளுமன்ற இடங்கள் 2004இல் 9ஆக இருந்து 2008இல் 3ஆகவும், 2013இல் 4ஆகவும், 2018இல் 2ஆகவும், 2022இல் 1ஆகவும் ஆயின. 2004க்கும் 2008க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் இந்தியர் விகிதம் பெரிதும் மாறியிருக்க இயலாது, மாறியது சாய்வே.

அச்சாய்வும் நிலையானதன்று. 2009 அக்டோபரில் அதே வட்டாரத்தின் பாகான் பினாங் சட்டமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்காளர் இந்தியர். தேசிய முன்னணி 5,435 வாக்குப் பெரும்பான்மையில் வென்றது. இந்திய வாக்குகள் கணிசமாகத் திரும்பியமை ஒரு காரணமாகக் கருதப்பட்டது. அத்தொகுதியில் மூன்றில் ஒரு பங்கு அஞ்சல் வாக்குகள். அவை பெரும்பாலும் இராணுவத்தினருடையவை என்பதும் மறக்கத்தக்கதன்று. 2023ஆம் ஆண்டிலோ அதே பாகான் பினாங் பெரிக்காத்தான் நேஷனல் வசமாயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் போர்ட்டிக்சனின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளையும் நான்கு கட்சிகள் பகிர்ந்துகொண்டன. ஒரே மாவட்டத்துள் தொகையமைப்பு தொகுதிக்குத் தொகுதி வேறுபடுவதன் விளைவு இது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வாக்கு இரகசியமானது. 'இந்தியருள் இத்தனை விழுக்காட்டினர் இக்கட்சிக்கு வாக்களித்தனர்' என்பன யாவும் வாக்குச்சாவடி முடிவுகளிலிருந்து பெறும் ஊகங்களே. தோட்டச் சாவடிகளில் ஏறத்தாழ அனைவரும் இந்தியராக இருந்த காலத்தில் அவ்வூகம் வலுவாக இருந்தது. கலப்புத் தாமான்களில் அது வலுவிழக்கிறது. ஒரு சாவடியின் வாக்கு வரிசைகள் வயதின்படி வகுக்கப்படுவதால், இனச்சார்பைவிட வயதுச்சார்பை அறிவது இன்று எளிதாகியுள்ளது.

பதினெட்டு வயதும் தானியக்கப் பதிவும்

வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, தானியக்கப் பதிவோடு 2021 டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2018இல் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த நாட்டின் வாக்காளர் தொகை, 2022இல் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. 1959க்குப் பின் பட்டியலின் தன்மையே மாறிய தருணம் இதுவெனலாம்.

இம்மாற்றம் இந்தியருக்கு இருவகையில் பொருளுடையது. மலாய்ச் சமூகத்தின் வயதமைப்பு இளமையானது; இந்தியரின் பிறப்பு விகிதமோ பதிலீட்டு அளவான 2.1க்கு வெகுவாகக் கீழிறங்கியுள்ளது. எனவே, வயது வரம்பு குறைந்தமையால் பட்டியலில் இந்தியர் விகிதம் மேலும் குறையவே செய்யும். ஆயின், பதிவு செய்யாமலே விடுபட்டிருந்த தோட்டப்புற இளைஞரும் இன்று தாமாகவே பட்டியலில் இடம்பெறுகின்றனர். நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. பதிவு அடையாள அட்டையின் முகவரியைப் பின்பற்றுகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியும் முகவரியை மாற்றாத குடும்பத்தின் பிள்ளை, தான் வாழாத தொகுதியில் வாக்காளனாகிறான். வாழுமிடத்தில் அவனுக்குக் குரலில்லை. வாக்குள்ள இடத்திற்கு அவன் போவதுமில்லை. முன்னர்க் காட்டிய கணக்கில் இவன் இரண்டாம் காரணியின் இழப்பு.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். தொகை குறைவதால் செல்வாக்குக் குறையும். ஆனால் அது மூன்றில் ஒரு காரணியே. சிதறி வாழும் சமூகம் எந்தத் தொகுதியையும் தனதென்று உரிமை கொண்டாட இயலாது. எனினும் பல தொகுதிகளில் முடிவைத் திருப்பும் ஆற்றலைப் பெறுகிறது. இது இலாபம் மட்டுமன்று. தோட்ட வாக்கை நம்பியிருந்த கட்சிக்குத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பள்ளிக் கூரையைப் பற்றியும் பதில் சொல்லும் கட்டாயம் இருந்தது. எல்லாத் தொகுதியிலும் சிறுபான்மையாக இருப்போருக்கு எல்லாக் கட்சியும் வாக்குறுதி தரும். பொறுப்பேற்க ஒருவர் வேண்டுமே! 2023ஆம் ஆண்டு மாநிலத் தேர்தல்களில் ம.இ.கா. போட்டியிடாமலே ஒதுங்கியமை இவ்வெற்றிடத்தை நன்கு புலப்படுத்தியது.

விகிதத்தை நாம் மாற்ற இயலாது. வருகையையும் தேர்வின் தெளிவையும் மாற்ற இயலும். தமிழாசிரியர்க்கு இதில் பங்குண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப் பன்னிரண்டு வயதில் வெளியேறும் மாணவன், அடுத்த ஆறே ஆண்டுகளில் வாக்காளன். எக்கட்சிக்கு வாக்களிப்பது என்பதை அவனுக்குக் கற்பித்தல் ஆசிரியர் பணியன்று. தன் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் முகவரியும் சரியாக உள்ளனவா எனப் பார்க்கவும், ஒரு விழுக்காட்டுக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கவும் அவன் அறிந்திருந்தால், 'நம் எண்ணிக்கை குறைந்துவிட்டது' என்னும் கூற்றை அவன் கேட்டு அடங்கிவிடமாட்டான், சரிபார்ப்பான்.