இரவில் அழுதபோது யார் வந்தார்கள்?

குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் மனநலப் பிரிவுக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே ஐயத்தைத்தான் வெளியிடுகிறார்கள்: பலர் கையில் வளரும் பிள்ளை நம்மிடம் ஒட்டாமல் போய்விடுமோ? இதற்கு விடை தேடுவோர்க்கு இஸ்ரேல் நாட்டின் கூட்டுக் குடியிருப்புகள் அரியதொரு சான்று.

கிப்புட்ஸ் எனப்படும் இக்குடியிருப்புகளில் முதலாவதான டெகானியா, 1910-இல் கலிலேயாக் கடலின் தென்கரையில் தோன்றியது. நிலம், வருவாய், உணவுக்கூடம் யாவும் அங்கே பொது. காலப்போக்கில் பெரும்பாலான கிப்புட்ஸ்களில் பிள்ளை வளர்ப்பும் பொதுப்பணியாயிற்று. பிறந்து சில நாள்களிலேயே குழந்தை 'குழந்தைகள் இல்ல'த்தில் சேர்க்கப்பட்டது. உண்பதும் விளையாடுவதும் உறங்குவதும் அங்கேயே. மெட்டபெலெத் எனப்படும் பராமரிப்பாளர் பகலில் கவனித்துக்கொண்டார். மாலையில் சில மணி நேரம் பெற்றோருடன் கழியும். பிறகு பெற்றோரே அழைத்து வந்து படுக்க வைத்துவிட்டுத் தம் வீட்டுக்குத் திரும்புவர். இதற்குக் காரணம் அன்பின்மை அன்று. பெண்களை வீட்டுச் சுமையிலிருந்து விடுவிக்கவும், தன்னலமற்ற தலைமுறையொன்றை உருவாக்கவும் அவர்கள் விரும்பினார்கள்.

தாயின் அண்மையை இழந்த குழந்தைகளின் நிலை குறித்து 1951-இல் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கைக்குப் பின், உளவியலாளர் பலரின் பார்வை கிப்புட்ஸ்மீது திரும்பியது. புரூனோ பெட்டல்ஹைம் சில வாரங்கள் அங்கே தங்கி, 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். இப்பிள்ளைகள் பொறுப்பும் தோழமையும் மிக்கவர்கள், ஆயினும் ஆழ்ந்த உணர்வுகளை வெளிக்காட்டத் தயங்குபவர்கள் என்பது அவர் கணிப்பு. சில வாரப் பார்வையில் ஒரு தலைமுறையின் உள்ளத்தை அளந்துவிட முடியுமா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

தெளிவான விடை 1994-இல் ஆப்ரகாம் சாகியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. அவர்கள் ஒப்பிட்ட இரு பிரிவுக் குழந்தைகளும் பகலில் ஒரே தரமான குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்தவர்கள். வேறுபாடு இரவில் மட்டுமே. ஒரு பிரிவினர் பெற்றோர் வீட்டில் உறங்கினர்; மற்றவர் இல்லத்திலேயே உறங்கினர். வீட்டில் உறங்கியவர்களுள் 80 விழுக்காட்டினர் தாயிடம் உறுதியான பிணைப்புக் கொண்டிருந்தனர். இல்லத்தில் உறங்கியவர்களுள் அது 48 விழுக்காடே. ஆய்வுக்கு உட்பட்டோர் ஐம்பதுக்கும் குறைவுதான். எனினும் ஒப்பீடு நேர்த்தியானது.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. இரவுக் காவல் பெண்கள் முறைவைத்து வாரந்தோறும் மாறினார்கள். குழந்தை அழுதால், ஒலிவாங்கி வழியே கேட்டு வேறோர் இடத்திலிருந்து ஒருவர் வரவேண்டும். வருபவர் குழந்தைக்கு அறிமுகமில்லாதவர். வரும் நேரமும் உறுதியன்று. பகலில் பலர் பேணியது தீங்காகவில்லை. இருளில் அஞ்சி அழைக்கையில் பழகிய முகம் வாராமையே தீங்காயிற்று.

அங்கு வளர்ந்து முதியோரானவர்களின் நினைவுகள் ஒருபடித்தாக இல்லை. சிலர் எல்லையற்ற விடுதலையையும் தோழமையையும் நினைவுகூர்கின்றனர். சிலர் நள்ளிரவில் பெற்றோர் வீட்டுக் கதவைத் தேடி ஓடியதை. தோழமையின் ஆழத்துக்கு ஜோசப் ஷெஃபர் 1971-இல் வெளியிட்ட ஆய்வு சான்று. 2,769 திருமணங்களை ஆராய்ந்தபோது, ஒரே வயதுக் குழுவினரிடையே நிகழ்ந்தவை 14 மட்டுமே. உடன் வளர்ந்தவர்களை உடன்பிறந்தோராகவே உள்ளம் ஏற்றுக்கொண்டது போலும். பெற்றோருடன் பிணைப்புக் குறைந்தவர்கள் எல்லாரும் வாழ்க்கையில் தோற்றுவிடவும் இல்லை. விடுதிகளில் வளர்ந்த நம் வாசகர்கள் இதையும், அந்த 48 விழுக்காட்டையும் நினைவில் கொள்ளலாம்.

இவ்வழக்கத்தை மாற்ற முன்னின்றவர்களுள் அவ்வில்லங்களில் வளர்ந்து தாயான பெண்களும் இருந்தனர். 1991 வளைகுடாப் போரில் ஏவுகணைகள் விழுந்தபோது எஞ்சியிருந்த ஊர்களிலும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கு வந்தனர். அப்பத்தாண்டு முடிவதற்குள் வழக்கம் மறைந்தது.

மருத்துவமனைகளும் இதே பாடத்தைக் கற்றவையே. ஒரு காலத்தில் பிரித்தானியாவில் நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் காண்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. மருத்துவமனையில் தனித்துவிடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் துயரை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் படமாக்கிக் காட்டினார். 1959-இல் பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கப் பரிந்துரைத்தது.

ஆகவே, காப்பகத்தைப் பற்றிக் கேட்கும் தாய்மார்களிடம் பகலைவிட இரவைப் பற்றியே நாங்கள் விசாரிக்கிறோம். குழந்தை இங்கே உள்நோயாளியாக இருப்பின், இரவில் இயன்றவரை ஒருவரே உடன் தங்குங்கள். ஆள் மாற நேர்ந்தால், குழந்தை விழித்திருக்கும்போதே சொல்லிவிட்டுச் செல்லுங்கள். உறங்கிய பின் ஓசையின்றி நழுவ வேண்டாம். யாருமே தங்க இயலாத இரவென்றால், விளக்கணைக்கும் முன்பே செவிலியரிடம் தெரிவியுங்கள். குழந்தையை வீட்டில் எப்பெயரிட்டு அழைப்பீர்கள் என்பதையும் சொல்லிச் செல்லுங்கள்.