கத்தியின் பதம் கெடுவது எங்கே?

வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்து வணிகர்களுக்குத் தோல் பதனிடுதல் பற்றி விளக்க வேண்டியதில்லை. எஃகுக்கும் ஒரு பதம் உண்டு. காலணித் தொழிற்சாலையில் தோலை வெட்டும் 'டை' ஆனாலும், மளிகைக் கடையில் வெல்லம் வெட்டும் கத்தியானாலும், அதன் உழைப்பு அந்தப் பதத்தில்தான் இருக்கிறது.

வெட்டுக் கருவிகளுக்கான சாதாரண எஃகில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு கரி இருக்கும். அதைச் சுமார் 780 டிகிரி செல்சியஸ் வரை சிவக்கக் காய்ச்சினால், தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல், கரியின் பெரும்பகுதி இரும்புக்குள் கரைந்துவிடும். மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து, இரும்பும் கரிச்சேர்மமும் அடுக்கடுக்காக அமையும். 'பெர்லைட்' எனப்படும் இது மிருதுவானது. சட்டென்று தண்ணீரில் அமிழ்த்தினாலோ, பிரிய நேரமின்றிக் கரி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் ஊசி ஊசியாகத் தெரியும் இந்த அமைப்பே 'மார்ட்டன்சைட்'. ராக்வெல் சி அளவில் இதன் கடினம் 65 வரை உயரும்.

ஆனால் இந்த நிலையில் கத்தி கண்ணாடிபோல் உடையும். ஆகவே மறுபடியும் சுமார் 200 டிகிரி சூடு காட்டுவார்கள். கடினம் 60 அளவுக்கு இறங்கினாலும், முறியாத உறுதி வந்துவிடும்.

இக்கலை நமக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்கால இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. 'ஊட்ஸ்' எனப்பட்ட இந்திய எஃகை இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே ஆராய்ந்து 1819-இல் கட்டுரை வெளியிட்டார்.

நமக்கு நட்டம் வருவது சாணை பிடிக்கும் இடத்தில். மோட்டார் சாணைக் கல்லில் தண்ணீரின்றி அழுத்திப் பிடித்தால், மெல்லிய முனை நொடியில் சூடேறும். முதலில் வைக்கோல் மஞ்சள் நிறம் தோன்றும்; 300 டிகிரியை நெருங்கினால் நீலம் படரும். நீலம் படர்ந்த இடத்தில் பதம் குறைந்துவிட்டது என்று பொருள். பிறகு தண்ணீரில் நனைப்பதால் அது திரும்பாது. அந்தப் பகுதியைத் தேய்த்து நீக்க வேண்டும். இல்லையேல் மீண்டும் காய்ச்சிப் பதமேற்ற வேண்டும். இது தெரியாமல், சாணை பிடித்த கத்தி விரைவில் மழுங்கினால் கத்தியையும் விற்ற கடையையும் குறை சொல்கிறோம்.

மொத்தமாகக் கத்தி வாங்குவோர் கட்டுக்கு ஒன்றையாவது எடுத்து, பிடியை ஒட்டிய வெட்டுப்பக்கத்தில் அரத்தால் உரசிப் பாருங்கள். அரம் வழுக்கினால் நல்ல கடினம். மரத்தைப்போல் எளிதில் சீவினால் பதம் போதாது.

சில்லறை வியாபாரிகள் கத்தி விற்கும்போது ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள்: "அடிக்கடி தண்ணீரில் தொட்டுச் சாணை பிடியுங்கள்." கடைக்குத் திரும்பி வரும் கத்திகள் குறையும்.